ஈஸ்டர் முயலுக்கு வண்ணம் தீட்டும்போது

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடற்காற்றின் ஈரத்தில் 70 ஜிஎஸ்எம் தாள் (சாதாரண ஜெராக்ஸ் தாள்) தொய்ந்துவிடும். வாட்டர் கலர் பட்டால் சுருண்டே போகும். முயலைச் சார்ட் அட்டையில் தடித்த கோட்டில் வரைந்து, நான்கு மூலையையும் பரீட்சை அட்டையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். கிளிப் மட்டும் போதாது, கீழ்ப்பக்கம் படபடக்கும்.

3, 4 வயதுக்கு ஸ்கெட்ச் பேனா வேண்டாம். மெழுகுக் கிரேயானை இரண்டாக உடைத்துக் கொடுத்தால் சின்ன விரலுக்குப் பிடி வசப்படும். காதின் உட்பக்கம் முதலில் ரோஸ். வெள்ளை மெழுகுக்கு மேல் மற்ற நிறம் சரியாகப் பிடிக்காது. அப்புறம் உடம்பு முழுக்க வெள்ளைக் கிரேயானை அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். தண்ணியாகக் கரைத்த நீலத்தை மேலே பூசினால் மெழுகில் ஒட்டாது, முயல் வெள்ளையாகத் தெரியும். திட்டுத்திட்டாக நீலம் ஏறினால் தேய்ப்பு போதவில்லை. (பிள்ளைகளுக்கு அந்தப் புள்ளி முயலும் பிடிக்கும்.)

கிரேயான் டப்பாவை வெயிலில் விடாதீர்கள், இளகி ஒட்டிக்கொள்ளும்.