ஓடாத காருக்கும் வரியா? வடசென்னைக் கார்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கார் ஓட்டுபவர்கள் அல்லர். ராயபுரம், காலடிப்பேட்டை, பெரம்பூர் தெருக்களில் உறை போர்த்தி நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே இது தெரியும். கப்பலில் வேலை செய்பவர் மாதக்கணக்கில் கடலில் இருப்பார். அவருடைய கார் தெருவில் இருக்கும். ஆடியில் பெரியபாளையம், புரட்டாசியில் திருப்பதி, பொங்கலுக்குச் சொந்த ஊர் என்று ஆண்டுக்குச் சில முறை மட்டும் சாவியை எடுக்கும் குடும்பங்களும் நிறைய. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதும், வேலைக்குக் காரில் போக வேண்டிய கட்டாயம் பலருக்குக் குறைந்தது.

இவர்களின் மனக்குறை எளிமையானது. எட்டு லட்சம் ரூபாய் காருக்கு 13 சதவீத ஆயுள்கால வரி, அதாவது பதிவின்போதே மொத்தமாகக் கட்டும் வாகன வரி, 1,04,000 ரூபாய். பதினைந்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,930. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இது கிலோமீட்டருக்கு 46 காசு. 2,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கோ மூன்றரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரே வண்டி, ஒரே வரி. சுமையில் ஏழு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

குறை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தில் நம்மவர்கள் செய்யும் சில காரியங்கள் வரியைவிடப் பெரிய செலவை இழுத்து வைக்கின்றன. வரியைத் தப்ப வழியில்லை. வரியைச் சுற்றியுள்ள செலவுகளில்தான் மிச்சம் பிடிக்க இடமிருக்கிறது.

சாலை தேய்வதை வைத்து வாதாடுவது

"நான் சாலையைத் தேய்ப்பதே இல்லை, எனக்கு ஏன் வரி?" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். வடசென்னையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது விந்தை. மணலியிலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைத் தினமும் பார்க்கிறோம். அச்சின் பளு இரண்டு மடங்கானால் சாலையின் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பது சாலைப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. அதன்படி பார்த்தால், தினமும் தாம்பரம் போய்வரும் காரும் சாலையைத் தேய்ப்பதில்லை. உங்கள் கார் மட்டும் விதிவிலக்கு அன்று.

தமிழ்நாட்டில் காருக்கான வரி, காரின் விலைமேல் போடப்படுகிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அது கேட்பதே இல்லை. ஓட்டத்துக்கு ஏற்ற வரி வேறு வாசல் வழியாக வருகிறது: பெட்ரோலுக்கு மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரியும் லிட்டருக்கு லிட்டர் வசூலாகின்றன. குறைவாக ஓட்டுபவர் அங்கே குறைவாகத்தான் கட்டுகிறார். இதைச் சொல்லாமல் நியாயம் கேட்டால் எதிரே இருப்பவர் முதலில் இதைத்தான் எடுத்துப் போடுவார்.

விலை அடுக்கை வருமான வரிபோல் நினைப்பது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பணம் அதிகம் போகும் இடம் இதுதான். 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி ஐந்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 12 சதவீதம், ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13, பத்து முதல் இருபது வரை 18, இருபதுக்கு மேல் 20. அதற்கு முன்னால் பத்து லட்சம் வரை 10, அதற்கு மேல் 15 என்ற இரண்டே அடுக்குதான் இருந்தது.

வருமான வரியில் எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் வரும். வாகன வரியில் எல்லையைத் தாண்டினால் முழு விலைக்கும் புதிய விகிதம். 9,90,000 ரூபாய் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் காருக்கு 1,81,800. "இன்னும் இருபதாயிரம் போட்டால் மேல் ரகம் சார்" என்று ஷோரூமில் சொல்லும்போது, அதற்குப் பின்னால் 53,100 ரூபாய் கூடுதல் வரி ஒளிந்திருக்கிறது. தினமும் ஓட்டுபவருக்காவது அந்த மேல் ரகத்தின் வசதிகள் தினமும் பயன்படும். ஆண்டுக்கு நான்கு முறை திருப்பதி போகிறவருக்கு அது எதற்கு?

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். பத்து லட்சக் கோட்டுக்கு மேலே இருந்த சில ரகங்கள் கீழே வந்திருக்கக்கூடும்.

எப்போதாவது ஓட்டுபவர் பழைய கார் வாங்குவது என் பார்வையில் புத்திசாலித்தனம். முதல் உரிமையாளர் இங்கே கட்டிய ஆயுள்கால வரி வண்டியோடு கூடவே வரும். ஆனால் விலை குறைவு என்று புதுச்சேரிப் பதிவு வண்டியை வாங்கிவந்து அதே எண்ணோடு தண்டையார்பேட்டையில் ஓட்டிக்கொண்டிருந்தால் கணக்கு தலைகீழாகும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அப்போது தமிழ்நாட்டு வரியும் கட்டத்தான் வேண்டும்.

நிற்கிற வண்டிதானே என்று காப்பீட்டை விடுவது

மிக ஆபத்தான தவறு இது. கடலுக்குப் போகும்போது காப்பீடு முடிந்துவிட்டது, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் "பொது இடம்" என்று சொல்வது போக்குவரத்து ஓடும் சாலையை மட்டுமன்று. பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகக்கூடிய எந்த இடமும் அதில் அடங்கும். கொருக்குப்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் எத்தனை வீட்டுக்கு வண்டி நிறுத்த இடமிருக்கிறது? உங்கள் கார் நிற்பது தெருவில். தெரு பொது இடம். காப்பீடு இல்லாத வண்டியை அங்கிருந்து ஒருமுறை எடுத்தாலே முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அபராதமாவது கட்டித் தீரும் தொகை. யாராவது அடிபட்டால் இழப்பீடு முழுக்க உங்கள் தலையில்.

வெள்ளம் வேறு இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தவை அல்ல, நின்றுகொண்டிருந்தவை. அடுத்தவருக்கு நேரும் இழப்பை மட்டும் ஏற்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு ரூபாயும் வராது.

குறைவாக ஓட்டுபவருக்குச் சலுகை உண்மையில் கிடைக்கும் இடமும் காப்பீடுதான். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓட்டத்துக்கு ஏற்ற பிரீமியத்தை அனுமதித்தது. 2,500, 5,000, 7,500 கிலோமீட்டர் போன்ற அடுக்குகளில் நிறுவனங்கள் இதைத் தருகின்றன. இது உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்தை ஏற்கும் சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். மூன்றாம் நபர் பிரீமியம் என்ஜின் அளவைப் பொறுத்தது: 2022 ஜூனில் அறிவித்தபடி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. கிலோமீட்டர் வரம்பு தீர்ந்தபின் நிற்கும் வண்டிக்கு என்ன பாதுகாப்பு மிஞ்சுகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏஜெண்டிடம் அதை எழுத்தில் கேளுங்கள். பாலிசி காலாவதியாகித் தொண்ணூறு நாள் கடந்தால், ஆண்டுகளாகச் சேர்த்த, 50 சதவீதம் வரை போகக்கூடிய நோ கிளெய்ம் போனஸும் (இழப்பீடு கேட்காதவருக்குத் தரும் பிரீமியத் தள்ளுபடி) போய்விடும்.

பதினைந்து ஆண்டில் வண்டி செத்துவிடும் என்று நம்புவது

வயதான கார்களைச் சாலையில் விடாத டெல்லியின் விதி நமக்கு இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்த காரை இங்கே ஆய்வுக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். நாற்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியைப் பயத்தில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வருந்துபவர்கள் உண்டு. உண்மையான தொல்லை தாமதத்தில் இருக்கிறது. கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய்; தாமதத்துக்கு மாதம் 500. எட்டு மாதம் கப்பலில் இருந்துவிட்டு வந்தால் 4,000 ரூபாய் வீண். காலாவதிக்கு அறுபது நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், கிளம்பும் முன் ஆர்.சி. தேதியைப் பாருங்கள். இருபது ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணம் 10,000 ஆனது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தலைப்போடு நிறுத்திக்கொள்வது

2025 ஆகஸ்ட் 29இல் வந்த தீர்ப்பு வாட்ஸ்அப்பில் "ஓட்டாத வண்டிக்கு வரி கிடையாது" என்று சுருங்கிவிட்டது. வழக்கு என்ன? விசாகப்பட்டினம் உருக்காலையின் மதில் சூழ்ந்த வளாகத்துக்குள் மட்டும் ஓடிய வாகனங்களைப் பற்றியது. பொதுமக்கள் நுழைய முடியாத அந்த இடம் பொது இடம் ஆகாது. எனவே ஆந்திர வாகன வரிச் சட்டப்படி அந்தக் காலத்துக்கு வரி கேட்க முடியாது என்றனர் நீதிபதிகள் மனோஜ் மிஸ்ராவும் உஜ்ஜல் புயானும். உங்கள் காருக்கு வேறு மாநிலச் சட்டம், பதிவின்போதே கட்டி முடித்த வரி, நிறுத்துமிடமோ தெரு. இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால் ஆட்டோ காசுதான் நஷ்டம்.

காலாண்டு வரி கட்டும் வாடகை, சரக்கு வண்டிகளின் கதை வேறு. காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டியை நிறுத்திவைப்பவர், நிறுத்தும் முன்பே அதை எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்க வேண்டும். தடை முடிந்தபின் போய் "ஓடவே இல்லை" என்றால் நிரூபிப்பது பாடு.

பிரிட்டனில் வண்டியைச் சாலையில் எடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டால் மீதி மாதங்களின் வரி திரும்பும். நியூசிலாந்தில் டீசல் வண்டிகள் ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் செலுத்துகின்றன. நமக்கும் அப்படி ஒன்று வரலாம். புகைச் சான்று கொடுக்கும்போதே ஓடோமீட்டரைப் பதிந்தால் போதும் என்பது என் எண்ணம். ஆனால் ஓடோமீட்டரைத் திருப்பிவைக்கும் கைகளை அரசு முதலில் கட்டியாக வேண்டும்.

அதுவரை, காரை வைத்திருப்பதே வீண் என்று முடிவெடுத்தால் பெயர் மாற்றாமல் கைமாற்றாதீர்கள். விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டியை உடைக்கக் கொடுத்தால் பதிவு ரத்துக்கும், வேறு மாநிலத்துக்கு நிரந்தரமாக அனுப்பினால் தடையில்லாச் சான்றுக்கும் விண்ணப்பித்து, ஆயுள்கால வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். வாங்கும்போது வரியைச் சபித்தவர்களில் பலர், கடைசியில் இந்த மனுவைப் போடாமலேயே விட்டுவிடுகிறார்கள்.