மெஷினுக்கு உறை போடும் நேரம்

துணிப்பை தைப்பது என் தொழில். வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு மேசை, பக்கத்தில் ஒரு அலமாரி. எட்டு வருடமாக என் கடை அவ்வளவுதான்.

மூன்றாவது வருடம் 120 பைகளுக்கு ஒரு ஆர்டர் வந்தது. அதுவரை வந்ததிலேயே பெரியது. பகலில் வீட்டு வேலை குறுக்கே வரும்போதெல்லாம் "சரி, ராத்திரி உட்கார்ந்தால் முடிந்துவிடும்" என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசி நாள் இரவு பத்தரைக்கு உட்கார்ந்து ஒன்றரை மணிக்கு எழுந்தேன். காலையில் பைகளை அடுக்கி எண்ணும்போதுதான் தெரிந்தது, 34 பைகளில் கைப்பிடி ஒரு முறுக்கு விழுந்தபடியே தைக்கப்பட்டிருந்தது. கைப்பிடியின் ஒரு முனையைத் தைத்த பிறகு, அடுத்த முனையை ஊசிக்கு அடியில் வைப்பதற்கு முன்னால் பட்டையை விரலால் ஒருமுறை நீவிப் பார்க்க வேண்டும். ஒரு நொடி வேலை. அந்த நேரத்தில் என் விரலுக்கு அது மறந்துபோயிருந்தது.

கைப்பிடித் தையல் லேசில் பிரியாது. பாரம் தாங்க வேண்டும் என்பதால் சதுரமாக ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி போட்டிருப்போம். அதைப் பிரித்து, ஊசி ஓட்டை தெரியாமல் துணியை நீவி, மறுபடி தைக்க ஒரு பைக்கு எட்டு நிமிடம் ஆனது. 34 பைக்கு நாலரை மணி நேரம். இரவில் மூன்று மணி நேரம் சம்பாதித்து, பகலில் நாலரை மணி நேரம் தொலைத்தேன். அதோடு போகவில்லை. அடுத்த இரண்டு வாரம் மெஷின் பக்கம் போகவே மனம் வரவில்லை. எனக்குத் தொழிலில் ஆர்வம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஆர்வம் எங்கும் போகவில்லை. என் கடைக்குச் சாத்துவதற்கு ஒரு கதவு இல்லாமல் இருந்தது. வெளியே கடை வைத்திருப்பவர் சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு நடக்கிறார். அந்த நடையிலேயே பாதி வேலை அவர் தலையிலிருந்து இறங்கிவிடும். வீட்டிலேயே தொழில் செய்யும் நமக்கு அந்த ஷட்டரும் இல்லை, அந்த நடையும் இல்லை. இரண்டையும் நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் மெஷின் இருக்கும் இடத்தில் உங்கள் கருவியை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூடும் நேரம்

எத்தனை மணிக்கு ஆரம்பிப்பது என்று எல்லோரும் யோசிக்கிறோம். எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என்னுடையது மாலை ஆறரை. கையில் இருக்கும் நேரம் முழுக்க வேலை பரவிக்கொள்ளும் என்று பார்க்கின்சன் என்பவர் 1955இல் எழுதினார். அவர் அரசு அலுவலகங்களை மனதில் வைத்துச் சொன்னார். என் வெட்டு மேசைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. இரவு முழுக்க இருக்கிறது என்று தெரிந்தால் பகல் வேலை தளர்ந்துவிடும். ஆறரைக்கு முடிய வேண்டும் என்று தெரிந்தால் மதியம் மூன்று மணிக்கே கை வேகம் பிடிக்கும்.

நேரத்தை மட்டும் குறித்தால் போதாது, அந்த நேரத்தில் கை செய்யும் வேலை ஒன்று வேண்டும். நான் ஆறு இருபதுக்கு ஆரம்பித்து மூன்று காரியம் செய்கிறேன். மெஷினைச் சுற்றி விழுந்த நூல் துணுக்குகளைப் பெருக்குவேன். நாளைய முதல் வேலைக்கான நூலைக் கோத்து, அடிநூலுக்கான பாபினில் அதே நிறத்தைச் சுற்றி வைப்பேன். அப்புறம் நோட்டில் நாளைக்கான மூன்று வேலைகளை எழுதுவேன். மூன்றுக்கு மேல் எழுதினால் நாலாவதைப் பார்த்துப் பார்த்தே சோர்வு வரும். கடைசியாக மெஷின் மேல் உறையைப் போடுவேன். பழைய சட்டைத் துணியில் நானே தைத்த உறை. அதைப் போட்ட பிறகு, யார் என்ன கேட்டாலும், ஒரு பொத்தான் தைக்கக்கூட எடுப்பதில்லை. வீட்டில் சட்டைப் பொத்தான் போனால் கையூசிதான்.

நாளைய வேலையை எழுதி வைப்பதில் வெறும் ஒழுங்கு மட்டும் இல்லை. 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மீதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். எழுதாத வேலையைத் தலை இரவெல்லாம் தூக்கிக்கொண்டு அலையும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். நோட்டில் இறக்கி வைத்தால் நோட்டு பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. நான் கடைசிப் பையை முழுதாக முடிப்பதில்லை. ஒரு பக்கம் ஓட்டி, மறுபக்கம் ஓட்டாமல் ஊசிக்கு அடியிலேயே விட்டுவிட்டு உறை போடுவேன். காலையில் எங்கே ஆரம்பிப்பது என்ற யோசனையே இருக்காது. உட்கார்ந்து காலால் மிதித்தால் வேலை ஓடும். எழுதுபவர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்தலாம், கணக்கு பார்ப்பவர்கள் பாதிப் பக்கத்தில் நிறுத்தலாம்.

வாடிக்கையாளருக்குச் சொல்வது

இதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன். இரவு பத்து மணிக்கு வரும் செய்திக்கு உடனே பதில் போடாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்று நினைத்தேன். முதலில் தொழிலுக்குத் தனி எண் வாங்கினேன். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வேலை நேரம் முடிந்ததும் தானாகப் பதில் போகும் வசதி இருக்கிறது. அதில் நான் வைத்திருக்கும் வரி: "உங்கள் செய்தி கிடைத்தது. நாளை காலை பத்து மணிக்குள் பதில் சொல்கிறேன்." மன்னிப்பும் விளக்கமும் தேவையில்லை. ஆனால் பத்து என்று சொன்னால் ஒன்பது ஐம்பதுக்காவது பதில் போயிருக்க வேண்டும். அதுதான் அந்த வரிக்கு மதிப்பு. இத்தனை வருடத்தில் இதற்காக ஒரே ஒருவர்தான் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

தேதி சொல்வதிலும் பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பை தைக்க எனக்கு 22 நிமிடம். பல வருடம் இந்த 22ஐ வைத்தே கணக்குப் போட்டு, எப்போதும் திணறினேன். துணி வெட்டுவது, நூல் மாற்றுவது, பிசிறு நறுக்குவது, இஸ்திரி போடுவது, கட்டுவது எல்லாம் சேர்த்தால் 30 நிமிடம். நாளைக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் பத்துப் பை. நான் எட்டு என்றுதான் கணக்கு வைக்கிறேன், ஏனென்றால் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மின்சாரம் போகும். 60 பைக்கு எட்டு நாள் வரும், வாடிக்கையாளரிடம் பத்து நாள் என்பேன். ஒன்பதாம் நாள் கொடுத்தால் அவருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் நிம்மதி. உங்கள் வேலையை ஒரு வாரம் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். நாம் மனதில் வைத்திருக்கும் நேரத்தில் சுற்று வேலைகள் எப்போதும் விடுபட்டிருக்கும்.

வீட்டில் இருப்பவர்கள்

வீட்டில் இருப்பதால் நாம் சும்மா இருக்கிறோம் என்று மற்றவர்கள் நினைப்பதில் கோபப்பட ஒன்றுமில்லை. பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஒரு அடையாளம் வைக்க வேண்டும். என் மேசை ஓரத்தில் ஒரு சிவப்பு நூல்கண்டு இருக்கும். அது நின்றுகொண்டிருந்தால் நான் அளவெடுக்கிறேன், வெட்டுகிறேன், அவசரம் என்றால் மட்டும் கூப்பிட வேண்டும். படுத்திருந்தால் தைத்துக்கொண்டே பேசலாம். என் மகளுக்கு ஆறு வயதில் இதைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரம் தப்புத் தப்பாகத்தான் வந்தாள். பிறகு ஒரு நாள், கணவர் என்னவோ கேட்க வந்தபோது அவள் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்து, "அப்பா, நூல்கண்டு நிக்குது" என்றாள்.

ஆனால் அதற்கு ஈடாக நாமும் ஒன்று தர வேண்டும். உறை போட்ட பிறகு தொழில் எண் இருக்கும் போனை அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடுகிறேன். மகள் பள்ளிக் கதை சொல்லும்போது என் கண் போனில் இருந்தால், அவள் நூல்கண்டை மதிக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

கை ஓடாத நாட்கள்

எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. அப்படிப்பட்ட காலையில் நான் "25 நிமிடம் மட்டும்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்கிறேன். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் பிற்பகுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ சமையலறை டைமர் ஒன்றை வைத்து உருவாக்கிய முறை இது. 25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. பெரும்பாலும் மணி அடித்த பிறகும் தொடர்வேன். தொடர முடியாவிட்டால், அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் வேலைகளுக்குப் போவேன். பாபின் அறையைத் திறந்து பஞ்சு எடுத்து எண்ணெய் விடுவது, ஊசி மாற்றுவது, துண்டுத் துணிகளை நிறவாரியாகப் பிரிப்பது. இவற்றுக்குத் தலை வேண்டாம், கை போதும். நல்ல நாட்களில் இவற்றைத் தொடாதீர்கள். மந்தமான நாளுக்கு மிச்சம் வையுங்கள்.

என்னிடம் ஒரு பெரிய நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டர் முடியும்போதும் அதன் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி ஒட்டி, தேதியும் எண்ணிக்கையும் எழுதுவேன். நீலக் கோடு போட்ட கெட்டித் துணி, 120, என்ற அந்தத் துண்டும் அதில் இருக்கிறது. தனியாக வேலை செய்பவருக்கு "நன்றாகச் செய்தாய்" என்று சொல்ல மேலதிகாரி கிடையாது. முடித்த வேலை பொட்டலமாகி வெளியே போய்விடும், முடியாதது மட்டும் எதிரில் குவிந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவுமே செய்யாததுபோல் தோன்றும். அந்த நோட்டைப் புரட்டினால் அந்த எண்ணம் போய்விடும்.

பேச்சுத் துணையும் வேண்டும். வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் தோழி ஒருத்தி, வியாழக்கிழமை மதியம் அரை மணி நேரம் போனில் பேசுவோம். அந்த வாரம் எது நடந்தது, எது இழுக்கிறது, அவ்வளவுதான். தொழில் வேறு வேறாக இருப்பது நல்லது, ஒப்பிட்டுக்கொள்ளத் தோன்றாது.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, அதிலிருந்து மாதம் ஒரே தொகையை உங்களுக்குச் சம்பளமாக எடுங்கள். நல்ல மாதத்தில் மிஞ்சுவது அங்கேயே கிடக்கட்டும். ஆர்டர் இல்லாத மாதத்தில் அதுவே சம்பளம் கொடுக்கும். வரவு குறைந்த மாதத்தில் மனமும் சேர்ந்து சரியாமல் இருக்க இதைவிட உதவியது எனக்கு எதுவும் இல்லை.

உடம்பு சொல்வது

குனிந்தே இருக்கும் வேலை கழுத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு ஐந்து பைக்கும் எழுந்து நின்று தோளைச் சுழற்றுகிறேன். உறை போட்ட பிறகு அரை மணி நேரம் நடக்கிறேன். வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஐந்து நாள் நடந்தால் அது நிறைந்துவிடுகிறது. முன்பு சொன்ன கடையிலிருந்து வீட்டுக்கு நடக்கும் நடை எனக்கு இதுதான்.

சோம்பலையும் வேலைச் சோர்வையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் வேலைச் சோர்வுக்கு மூன்று அடையாளம் சொன்னது. உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்போ விலகலோ வருவது, செய்வது எதுவும் சரியாக வராததுபோல் உணர்வது. 120 பைக்குப் பிறகான அந்த இரண்டு வாரத்தில் எனக்கு மூன்றும் இருந்தன. நான் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஓய்வெடுத்திருக்க வேண்டும். வேலையை விட்டு விலகியிருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இவை எல்லாம் ஒரே வாரத்தில் படியாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில், புதிய பழக்கம் ஒன்று தானாக வர 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. சராசரி 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் இல்லை என்றும் அதில் தெரிந்தது. எனக்கு உறை போடுவது பழக நான்கு மாதம் ஆனது. அதனால் மூடும் நேரத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவை பிறகு வரட்டும்.

ஆறரையைத் தாண்டித்தான் ஆக வேண்டிய நாட்கள் இப்போதும் வருகின்றன. மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் விடுவதில்லை. அப்படி உட்கார்ந்த இரவு எத்தனை மணி நேரம் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டு, மறுநாள் காலை அத்தனை மணி நேரம் உறையை எடுப்பதில்லை. எந்த இரவிலும் ஒன்பது மணிக்கு மேல் கைப்பிடி தைப்பதில்லை.