சென்னை ஜி.எச்.சில் ஓ.பி. பார்க்கப் போகிறீர்களா?

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையை எல்லோரும் ஜி.எச். என்றுதான் சொல்கிறோம். அது 1835-இல் தொடங்கிய மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஆஸ்பத்திரி என்பதை மனதில் வைத்துக்கொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில், சரியான இடத்துக்குத்தான் போகிறீர்களா என்று பாருங்கள். கண், குழந்தைகள், பிரசவம் மூன்றுக்கும் எழும்பூரில் தனித்தனி ஆஸ்பத்திரி இருக்கிறது. அவையும் இதே கல்லூரியைச் சேர்ந்தவைதான், ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் வரை வந்து திரும்புவது பாவம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எதையும் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) என்றால் காலையிலேயே போய்விடுங்கள். சீட்டு போடும்போது என்ன தொந்தரவு என்று தெளிவாகச் சொன்னால் எந்தத் துறை என்று அனுப்புவார்கள். முக்கியமானது இதுதான்: பொது மருத்துவம், அறுவை சிகிச்சை போன்ற பெரிய துறைகளில் டாக்டர்கள் யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருப்பார்கள், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓ.பி. கிழமை வேறு. உங்கள் சீட்டில் எந்த யூனிட் என்று பார்த்து, அடுத்த முறை அதே கிழமையில் வாருங்கள். கிழமை மாறிப் போனால் உங்கள் கதை தெரியாத டாக்டரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அந்தப் பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) கேட்டதையே பி.ஜி. டாக்டர் (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) கேட்பார், அதையே பேராசிரியரும் கேட்பார். எரிச்சல் வேண்டாம், முதல் ஆள் கேட்க மறந்தது மூன்றாவது ஆளிடம் வெளியே வரும், அதுதான் இந்த மாதிரி ஆஸ்பத்திரியின் பெரிய பலம். எப்போது ஆரம்பித்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு ஆபரேஷன் ஆனதா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். பெண்களைப் பரிசோதிக்கும்போது ஒரு நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

அட்மிஷன் என்றால் ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான திட்டம் அது, அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றிதழுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், நோயாளி படுத்த பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடுவது கொடுமை.

வீட்டுக்குக் கிளம்பும்போது, என்ன நோய், என்ன சிகிச்சை என்று எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். பி.பி., சர்க்கரை மாத்திரைக்காக மட்டும் மாதாமாதம் வெளியூரிலிருந்து இவ்வளவு தூரம் வர வேண்டாம், அந்த ஜெராக்ஸைக் காட்டி உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள்.