மனம் இன்றில் நிற்க டைரி எழுதும் முறை

தேதி அச்சிட்ட டைரி வேண்டாம். நான்கு நாள் விட்டுப்போனால் வெற்றுப் பக்கங்கள் கண்ணை உறுத்தும்; பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கோடு போட்ட சாதாரண நோட்டு போதும், தேதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் 10 நிமிடம், தினமும் ஒரே இடத்தில்.

முதல் மூன்று வரிகள் புலன்களுக்கு: இன்று கண்ணில் பட்டது ஒன்று, காதில் விழுந்தது ஒன்று, உடம்பு உணர்ந்தது ஒன்று. “நாள் நன்றாகப் போனது” என்பது கணக்கில் சேராது. “மழை விட்ட பிறகும் கூரையோரம் சொட்டிக்கொண்டே இருந்தது” என்பது சேரும். டைரியின் பெரிய பலன் இந்த மூன்று வரிகளில்தான் இருக்கிறது. இரவில் எழுத வேண்டுமே என்ற நினைப்பு, சுற்றிலும் உள்ளதைப் பார்க்கவும் கேட்கவும் மனதைப் பகலிலேயே பழக்கிவிடும். முதல் வாரம் எதுவும் நினைவுக்கு வராமல் போகலாம். அப்போது எழுதும் அறையில் கேட்கும் ஒலியையாவது குறியுங்கள்.

அடுத்து, மனதை அரித்த ஒரே ஒரு விஷயம். அந்த உணர்ச்சி எரிச்சலா, அவமானமா, பயமா என்று சரியாகப் பெயர் சொல்லுங்கள். பிறகு “ஏனென்றால்” என்று தொடங்கி ஒரு வாக்கியம். காரணம் தேடாமல் தினமும் அதே குறையை எழுதுவது புண்ணைக் கிளறுவதாகவே முடியும். மூன்றாம் நாளும் அதே புகார் வந்தால், நாளை அதற்காகச் செய்யக்கூடிய ஒரு காரியத்தை மட்டும் எழுதி நிறுத்துங்கள்.

நாளைய வேலைகளுக்கு நோட்டின் பின்பக்கத்தை ஒதுக்குங்கள். படுக்கும் முன் 5 நிமிடம் அவற்றைப் பட்டியலிட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கியதாக 2018-இல் வெளியான அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. பட்டியல் விரிவாக இருக்க இருக்கத் தூக்கமும் விரைவாக வந்தது. “ஆபீஸ் வேலை” என்று எழுதாமல் எந்தக் கடிதம், யாருக்கு என்றே எழுதுங்கள்.

பழைய ஆழமான வேதனையை இரவில் தொடவே வேண்டாம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் தங்கள் வேதனையான அனுபவத்தை எழுதினார்கள். எழுதி முடித்ததும் மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. நடந்ததையும் அது தந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கே இந்தப் பலன். எழுதியதும் மனம் கனக்கும் என்பதால், இதை எழுதப் பகல் நேரமாகப் பாருங்கள். தாங்க முடியாமல் போனால் நோட்டை மூடிவிட்டு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

விட்டுப்போன நாட்களை நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். இன்றைய தேதியிலிருந்து தொடருங்கள். யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் கை உண்மையை எழுதாது, பூட்டி வையுங்கள். போனில் எழுதினால் முதலில் ஃப்ளைட் மோட்.