மைதான ஓரத்தில் விடக்கூடாத பிழைகள்

யாழ்ப்பாணத்தில் பயிற்றுவிப்பாளர் இல்லாத கல்லூரி அணி கிடையாது. முதலுதவிப் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பான ஆளைத்தான் கடைசி நேரத்தில் தேடுவார்கள். இளம் ஆசிரியை ஒருவரோ, முதலுதவி படித்த உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவரோ, ஊரில் நிற்கும் பழைய மாணவர் ஒருவரோ அகப்படுவார்கள். பிள்ளைகளின் உடம்பு அன்று அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதனால் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, காயப்பட்ட பிள்ளை தொடர்ந்து விளையாடலாமா என்ற முடிவைப் பயிற்றுவிப்பாளரிடம் விடுவது. 1904 முதல் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதிவரும் வடக்கின் பெருஞ்சமர் என்ற கிரிக்கெட் போட்டியை நினைத்துப் பாருங்கள். மேளமும் கொடியுமாகக் கூட்டம் ஆர்ப்பரிக்கும்போது, நல்ல வேகப்பந்து வீச்சாளரை வெளியே எடுக்க எந்தப் பயிற்றுவிப்பாளருக்கு மனம் வரும்? அமெரிக்காவின் முன்னணிக் கல்லூரி விளையாட்டுகளில், இந்த முடிவில் மருத்துவக் குழுவின் சொல்லே இறுதியானது என்று விதியே இருக்கிறது. இங்கே அப்படி விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த முடிவு முதலுதவிக்குப் பொறுப்பானவருடையதே என்று, பருவம் தொடங்கமுதல் அதிபரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்தால் போதும்.

வெயில் விடயத்தில் இந்த அதிகாரம் உயிரையே காக்கும். 2018 மே மாதம் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில், ஓட்டப் பயிற்சியின்போது ஜோர்டான் மெக்நெயர் என்ற 19 வயது உதைபந்தாட்ட வீரர் (அது அவர்களுடைய அமெரிக்க உதைபந்து) வெப்பத் தாக்கத்துக்கு உள்ளானார். குளிர்நீரில் அமிழ்த்தும் சிகிச்சை அவருக்கு அங்கே கொடுக்கப்படவில்லை. இரண்டு வாரங்களின் பின் அவர் இறந்துபோனார். பிழை தங்களுடையது என்று பல்கலைக்கழகமே பின்னர் ஏற்றுக்கொண்டது. பணமும் ஆளும் நிறைந்த இடத்திலேயே இப்படி நடந்தது.

பிள்ளை தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் கதைத்தால், காரணமில்லாமல் கோபப்பட்டால் உடனே சந்தேகப்படுங்கள். வேர்த்துக்கொண்டுதானே இருக்கிறான் என்று ஆறுதல்படவேண்டாம். உழைப்பால் வரும் வெப்பத் தாக்கத்தில் வேர்வை நிற்காமலும் இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. முதலில் குளிர்விக்கவேண்டும், பிறகுதான் ஏற்றவேண்டும். ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போதனா வைத்தியசாலைக்குப் பறப்பது பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் பிழை. ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழைக்கட்டும். மற்றவர்கள் தறப்பாளை விரித்து, பிள்ளையை அதில் கிடத்தி, நான்கு மூலையையும் தூக்கிப் பிடித்து, தண்ணீரும் ஐஸும் கொட்டி அலசிக்கொண்டே இருக்கவேண்டும். தலை தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஐஸுக்குப் பஞ்சமில்லாத கடற்கரை ஊர் நம்முடையது. போட்டி நாளில் ஒரு பெட்டி மீன் ஐஸ் மைதான ஓரத்தில் நிற்கட்டும். நீண்ட விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளை முதல் நாளே வெயிலில் வறுத்தெடுக்காதீர்கள். உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும்.

தண்ணீரிலும் கணக்கு வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். 60 கிலோ பிள்ளை 1.2 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் அது 2 வீதத்தைத் தாண்டிவிட்டது, ஆட்டமும் தளரத் தொடங்கும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர்வரை அடுத்த சில மணித்தியாலங்களில் மெல்ல மெல்லக் குடிக்கலாம். வெறும் தண்ணீரையே அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் ஆபத்தாகும். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், மோர் எல்லாம் அருமையானவை. ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைத் தூளைப் பைக்கற்றில் எழுதிய அளவு தண்ணீரிலேயே கரையுங்கள்; கட்டியாகக் கரைத்தால் வயிற்றைக் குழப்பும்.

சாப்பாட்டில் நடக்கும் பிழை அன்பினால் வருவது. காலையில் பிள்ளை வெறும் தேத்தண்ணியோடு வருகிறது. ஓடமுதல் உள்ளங்கையில் குளுக்கோஸ் கொட்டுகிறார்கள். மத்தியானம் பழைய மாணவர்கள் பிரைட் ரைஸ் பார்சல் இறக்குகிறார்கள். கொழுப்புச் சாப்பாடு வயிற்றிலேயே கிடக்க, பிள்ளை பந்தின் பின்னால் ஓடவேண்டியிருக்கிறது. போட்டிக்கு மூன்று நான்கு மணித்தியாலம் முன்னதாக இடியப்பமும் சொதியும், அல்லது புட்டும் வாழைப்பழமும் கொடுங்கள். ஒரு மணித்தியாலம் முன்னர் என்றால் கதலிப்பழமோ ஜாம் பூசிய பாணோ போதும். புதுச் சாப்பாட்டைப் போட்டி நாளில் பரீட்சித்துப் பார்க்கவேண்டாம்.

புரதம் ஒரு நாள் விருந்தில் ஏறாது. கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.4 முதல் 2 கிராம்வரை வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. அதை மாற்றச் சொல்லவேண்டாம், பயறு, கடலை, உழுந்து, தயிர், சோயாவைக் கூட்டச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளிடம் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கவேண்டாம் என்று சொல்லுங்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். அவர்களின் நிறையைப் பற்றி மற்றவர்கள் முன்னால் ஒரு சொல்லும் வரக்கூடாது. மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றால் அது போதாத சாப்பாட்டின் அறிகுறியாக இருக்கலாம், வைத்தியரிடம் அனுப்புங்கள்.

கணுக்கால் பிரண்டால் உடனே எண்ணெய் போட்டு உருவுவது நம்மூர்ப் பழக்கம். முதல் இரண்டு நாள் அதைத் தவிருங்கள். துணி சுற்றிய ஐஸ், இறுக்கிய பன்டேஜ், உயர்த்திய கால் போதும். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தும்போது நொந்தாலோ எக்ஸ்ரே எடுக்கவேண்டும்.

தலையில் அடிபட்டுக் கொஞ்ச நேரம் தடுமாறிய பிள்ளை அன்று திரும்ப இறங்கக்கூடாது. பிள்ளை கெஞ்சினாலும், பெற்றார் கேட்டாலும் இல்லைதான்.

கடைசியாக, ஜிம்மில் யாரோ கொடுத்த புரத மாவும், பெயரில்லாத குளிகையும், நோவுக்கு வாங்கிய சூரணமும். 2011 உலகக் கிண்ணத்தின்போது இலங்கைக் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க தோள் காயத்துக்கு எடுத்த மூலிகை மருந்தால் ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டு மூன்று மாதத் தடை பெற்றார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்று ஏற்றுக்கொண்டும் தடை வந்தது. உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையதுதான். ஆகவே அணியில் ஒவ்வொரு பிள்ளையும் விழுங்கும் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், வீட்டில் அம்மம்மா கொடுக்கும் கசாயம் உட்பட.