பெட்ரோல் டேங்க்: பக்கத் தகட்டைக் கையால் வளைப்பது எப்படி?

பைக் டேங்கின் பக்கவாட்டைக் கவனித்துப் பாருங்கள். மேலிருந்து கீழாகவும் வளைந்திருக்கும், முன்னிருந்து பின்னாகவும் வளைந்திருக்கும். ஒரே திசையில் வளைப்பதென்றால் தகட்டைச் சுருட்டினால் போதும். இரண்டு திசையிலும் வளைய வேண்டுமென்றால் தகட்டின் பரப்பே மாற வேண்டும்: நடுவில் விரிய வேண்டும், அல்லது ஓரத்தில் சுருங்க வேண்டும். எங்கே எது என்று தெரிந்த பிறகே சுத்தியலைத் தூக்குங்கள்.

பொருட்கள்

1 மி.மீ. சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகடு) வாங்குங்கள். 1.2 மி.மீ. உறுதிதான், ஆனால் புதியவர் கைக்குக் கடினம். ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) வேண்டவே வேண்டாம். மேலிருக்கும் துத்தநாகம் வெல்டிங் சூட்டில் நச்சுப் புகையாகும். முட்டை வடிவ முனையுள்ள கொட்டாப்புளி, மணல் இறுக்கி நிரப்பிய தடித்த கேன்வாஸ் பை, முகம் வழவழப்பான டிங்கரிங் சுத்தியல், டாலி (தகட்டின் பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை), தகரக் கத்திரி, அரம். காதடைப்பான் கட்டாயம்.

உருவமும் தாளும்

தெர்மாகோலைச் செதுக்கி, பைக் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்து டேங்கின் உருவத்தை முடிவு செய்யுங்கள். 5 செ.மீ. இடைவெளியில் குறுக்குக் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டின் வளைவையும் அட்டையில் வெட்டி எண் எழுதி வையுங்கள்.

அப்புறம் தடித்த பிரவுன் தாளைத் தெர்மாகோல் உருவத்தின் மேல் போர்த்தி, நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே போங்கள். ஓரத்தில் மடிப்பு விழும் இடத்தில் தகடு சுருங்க வேண்டும். தாள் படியாமல் இழுத்து நிற்கிற இடத்தில் ஒரு வெட்டு கொடுங்கள். வெட்டு வாய் பிளந்தால், அங்கே தகடு விரிய வேண்டும். இரண்டையும் பென்சிலால் குறித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், இந்தத் தாளில்தான் பாதி வேலை இருக்கிறது. முழங்கால் பதியும் பள்ளத்தை முதல் டேங்கில் வைக்காதீர்கள். அங்கே வளைவு எதிர்த்திசையில் திரும்புவதால் கணக்கே மாறிவிடும். மறுபக்கத் தகட்டுக்கு இதே தாளைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

தட்டுதல்

சுற்றிலும் 2 செ.மீ. கூடுதலாக விட்டுத் தகட்டை வெட்டுங்கள். ஓரத்தை அரத்தால் நன்றாக மழுக்குங்கள். விரிசல் பெரும்பாலும் ஓரத்துப் பிசிறிலிருந்துதான் கிளம்பும்.

தகட்டை மணல் பை மேல் வைத்து, விரிய வேண்டிய பகுதியில் கொட்டாப்புளியால் சீரான இடைவெளியில் தட்டுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடிப்பதைவிட, இலேசாகப் பல சுற்று வருவது நல்லது. குழி விழவிழ ஓரம் அலை அலையாக எழும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சுருக்குவதற்கு அதுதான் வாய்ப்பு. அலையை மரக்கட்டை மேல் வைத்து, இரு பக்கமும் விலகி ஓடாதபடி, தனக்குள்ளேயே அமுங்குமாறு தட்டுங்கள். ஓரம் சுருங்கி, அங்கே தகடு சற்றுத் தடிக்கும். ஆனால் அலை உயரமாகி மடிப்பு மேல் மடிப்பாகப் படுத்துவிட்டால் அந்த இடம் வெடிக்கும். அலை சிறிதாக இருக்கும்போதே கவனியுங்கள்.

நடுவை மட்டும் அடித்து ஆழம் கொண்டுவந்தால் அங்கே தகடு மெலிந்துவிடும். கொஞ்சம் விரிப்பது, கொஞ்சம் சுருக்குவது என்று மாறி மாறிப் போங்கள். அடிக்கடி அட்டையை வைத்துப் பாருங்கள்.

அலுமினியத்தில் செய்பவர்களுக்கு ஒன்று. அடிக்க அடிக்க அது விறைத்துவிடும், சூடு காட்டி இளக்க வேண்டும். ஆனால் உருகப் போகிறது என்பதை அது நிறத்தில் காட்டாது. அதனால் அசிட்டிலீன் சுடரின் கரியை முதலில் தகட்டில் படியவிட்டு, பிறகு ஆக்சிஜன் சேர்த்த சுடரால் அந்தக் கரி மறையும் வரை மட்டும் சூடாக்குவார்கள்.

வழவழப்பாக்குதல்

வளைவு அட்டையோடு பொருந்தியதும், தகட்டின் வளைவைவிடச் சற்றே கூடுதல் வளைவுள்ள டாலியை உள்ளே பிடித்து, வெளியிலிருந்து சுத்தியலால் இலேசாக, ஒரு தட்டின் மேல் பாதி அடுத்த தட்டு விழும்படி போங்கள். டாலிக்கு நேராக விழுந்தால் ‘டிங்’ என்று கணீரென ஒலிக்கும். தவறினால் சத்தம் மந்தமாகிவிடும். கண்ணைவிடக் காதை நம்புங்கள். பிறகு அரத்தை மேலோட்டமாக ஓட்டுங்கள். அரம் படாத இடமெல்லாம் பள்ளம். உள்ளிருந்து மெல்ல எழுப்புங்கள். பட்டி போட்டு மறைக்க அவசரப்படாதீர்கள்.

இணைப்பு

ஓரங்களை இடைவெளியில்லாமல் முட்டவைத்து, 2-3 செ.மீ.க்கு ஒரு வெல்டிங் புள்ளி வைத்துப் பிடித்துக்கொண்டு, டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்டு செய்வது) செய்யுங்கள். வெல்டிங் ஆறும்போது தையல் (இணைத்த கோடு) சுருங்கி இழுக்கும். கை நுழைகிற இடங்களில், டாலி வைத்துத் தையலின் மேலேயே தட்டினால் அது மீண்டும் விரியும். அதனால் அடித்தகட்டைக் கடைசியாக மூடுங்கள்.

எல்லாத் துளைகளையும் அடைத்து, சோப்பு நீர் பூசி, காற்று ஏற்றிக் கசிவு பாருங்கள். 2 முதல் 3 பி.எஸ்.ஐ. போதும். அதற்கு மேல் போனால் டேங்கே உப்பிவிடும்.