செக் திரும்பினால் வக்கீலிடம் எப்போது, எதோடு போவது?

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் வியாபாரத்தில் சரக்கு பெரும்பாலும் கடனில்தான் போகும். செக் திரும்பினால், வங்கி மெமோ (செக் ஏன் திரும்பியது என்று வங்கி தரும் சீட்டு), பில், டெலிவரி சலான், சரக்கு வாங்கிய பார்ட்டி கையெழுத்திட்ட கணக்கு ஆகியவற்றோடு உடனே வக்கீலைப் பாருங்கள்.

மெமோ கிடைத்த 30 நாளுக்குள் அவர் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அது சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (செக் போன்றவற்றுக்கான சட்டம்) 138-ஆவது பிரிவில் கோர்ட்டில் புகார். "வர்ற வெள்ளிக்கிழமை தர்றேன்" என்ற பேச்சில்தான் அந்த 30 நாள் கோட்டைவிடப்படுகிறது. அப்படி நாள் தவறினாலும், செக் தேதியிலிருந்து 3 மாதம் தாண்டாவிட்டால் மறுபடி வங்கியில் போடலாம்.

நோட்டீஸில் செக் தொகையைத் தனி வரியில் கேட்கச் சொல்லுங்கள். வட்டியோடு கலந்து ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம்.

கூட்டு வியாபாரமா? பதிவு செய்யாத கூட்டு, பாக்கிக்கு சிவில் வழக்குப் போடுவதை 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு தடுக்கிறது.